கத்திரி வெயில்ல ராத்திரி ஏசி நின்னா… உங்க அனுபவம் சொல்லுங்க

மேடவாக்கம் மாறன்:
அக்னி நட்சத்திரம் நடுவுல, ராத்திரி பதினோரு மணி. எங்க ஒன்றரை டன் ஸ்ப்ளிட்ல காத்து வருது, குளிர்ச்சி இல்ல. அப்பா படுத்த படுக்கையா இருக்கார், அதனால காலைல பாத்துக்கலாம்னு விட முடியல. '24 மணி நேர அவசர சர்வீஸ்'னு நெட்ல முதல்ல வந்த நம்பருக்குப் போட்டேன். விசிட் சார்ஜ் 500. வந்த பையன் இண்டோர் முன்னாடி கைய நீட்டிப் பாத்துட்டு, "சார், கேஸ் காலி. 3,500 ஆகும்"னான். அவுட்டோர் பக்கமே போகல!

என் தம்பி மொட்டை மாடிக்குப் போய்ப் பாத்தா, வெளி ஃபேன் நல்லா சுத்துது. கேஸை அழுத்திச் சுத்த விடற கம்ப்ரஸர் மட்டும் உம்னு முனகிட்டு டக்குனு நிக்குது, கொஞ்ச நேரத்துல மறுபடி அதே. "கேஸ் இல்லன்னா இப்படியா தம்பி சத்தம் வரும்?"னு கேட்டதுக்கு அந்தப் பையன்கிட்ட பதில் இல்ல. 500 குடுத்து அனுப்பிட்டோம். அப்பாவுக்கு அன்னிக்கு ராத்திரி ஈரத்துணியும் டேபிள் ஃபேனும்தான்.

காலைல எங்க தெரு மெக்கானிக் அண்ணன் வந்து கவரைக் கழட்டினார். கம்ப்ரஸரைக் கிளப்பி விடற கெப்பாசிட்டரோட தலை உப்பிக் கிடந்தது. அதோட திறன் 45 மைக்ரோஃபாரட்னு மேல போட்டிருக்கு, மீட்டர் 11 காட்டுது. பொருளும் கூலியும் சேர்த்து 700 ரூபா.

கோவை ஏசி மெக்கானிக்:
நம்ம தொழில்தாங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். மே மாசம் இப்படி வர்ற போன் கால்ல கெப்பாசிட்டர் போயிருக்கறது ரொம்ப சாதாரணம். வெளி யூனிட் மொட்டை மாடிச் சூட்டுல வேகுது. ராத்திரி ஊரே ஏசி போடறப்ப வோல்டேஜும் இறங்கிடும். கம்ப்ரஸர் கிளம்ப முடியாம திணறும், கரண்ட் ஏறும், ஓவர்லோட்னு இருக்கற பாதுகாப்பு ஸ்விட்ச் கட் பண்ணும். அந்த "உம்… டக்" இதுதாங்க.

கேஸ் வண்டி பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ற சமாச்சாரம் இல்லீங்க. மூடின குழாய்க்குள்ள அதே கேஸ்தான் சுத்துது. குறைஞ்சிருந்தா எங்கயோ லீக். "எங்க லீக்?"னு கேளுங்க. பைப் ஜாயின்ட் நட்டுல எண்ணெய்க் கசிவு தெரியுதான்னு பாக்கச் சொல்லுங்க. கம்ப்ரஸர் ஓடாதப்ப பிரஷர் கேஜ் மாட்டிக் காட்டினா நம்பாதீங்க. அப்ப அந்த முள்ளு வெளிச் சூட்டைத்தான் காட்டும், உள்ள எவ்வளவு கேஸ் இருக்குன்னு சொல்லாது. ஓடறப்பவும் ஆர்-22ங்கற பழைய வகை கேஸுக்கு பிரஷர் 65 பி.எஸ்.ஐ. பக்கம் இருந்தா சரி, ஆர்-32ங்கற புது வகைக்கு அதுல ரெண்டு மடங்கு வரணும். எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு கிளாம்ப் மீட்டர்ல ஆம்பியரும் பாக்கணும். ஆர்-32ன்னா குழாய்ல இருக்கற காத்தை உறிஞ்சி வேக்கம் போட்டு, சிலிண்டரைத் தராசுல வெச்சு, ஸ்டிக்கர்ல போட்ட கிராம் கணக்குக்குத்தான் ஏத்தணும். அது தீப்பிடிக்கிற கேஸுங்க. ராத்திரி பால்கனியில, கேஸ் உள்ள இருக்கறப்பவே நெருப்பு வெச்சுக் குழாயைப் பத்த வைக்க (வெல்டிங்) வர்றவனை உள்ள விடாதீங்க.

ஆனா ஒண்ணு. அந்தப் பையனை மட்டும் திட்டாதீங்க. எனக்குத் தெரிஞ்ச சில பசங்க கமிஷனுக்கு ஓடறாங்க. விசிட் சார்ஜ்ல பெரும்பங்கு நம்பர் வெச்சிருக்கறவனுக்கு. கேஸ் பில் போட்டாத்தான் அவன் கைல ஏதாச்சும் நிக்கும்.

திருவான்மியூர் பெரியவர்:
மெக்கானிக் தம்பி சொன்ன அந்த "எங்கே லீக்?" என்ற கேள்வியை நாங்கள் பல வருடம் யாரிடமும் கேட்கவே இல்லை. கடற்கரையிலிருந்து இரண்டாவது தெரு எங்கள் வீடு. ஒவ்வொரு கோடையிலும் ஏசி நிற்கும், அவசரமாக ஆள் வருவார், கேஸ் அடிப்பார், அடுத்த கோடையில் மறுபடியும். கடைசியில் வந்தவர்தான் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிக் காட்டினார். உப்புக்காற்றில் வெளி யூனிட்டின் கண்டென்சர் காயில் அரித்து, பல இடங்களில் குமிழி வந்தது. ஒட்டுப் போடக் கூடாது, காயிலையே மாற்ற வேண்டும் என்றார். செலவு அதிகம்தான். ஆனால் அதுவரை கேஸுக்குக் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்த என் மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

திருச்சி பாலாஜி:
எங்க வீட்ல பல்லி. இன்வெர்ட்டர் ஏசி (கம்ப்ரஸர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கற மாடல்), அவுட்டோர் போர்டுல ஒட்டிக் கருகிப் போச்சு. போர்டு மாத்தப் பல ஆயிரம். பல்லி விழும் பலன்ல இதுக்கு மட்டும் ஒண்ணும் போடல.

மதுரை செல்வி:
எல்லாரும் ஏமாந்த கதையாச் சொல்றீக, எனக்கு நடந்தது வேற. நடுராத்திரி இண்டோர்ல இருந்து கட்டில் மேல தண்ணி கொட்டுது, பாப்பா நனைஞ்சு எந்திரிச்சிருச்சு. வழக்கமா வர்ற அண்ணனுக்குப் பயந்துக்கிட்டேதான் போன் போட்டேன். வீடியோ கால்ல காட்டச் சொன்னாரு. இண்டோர் காயில் பூரா ஐஸ். "கூலிங்க நிப்பாட்டி வெறும் ஃபேன் மோட்ல ஓட விடுங்கம்மா, ஐஸ் உருகட்டும். ஃபில்டரைக் கழுவுங்க. வெளிய தொங்குற டிரெயின் பைப்பை உறிஞ்சி எடுங்க"ன்னாரு. எங்க வீட்டுக்காரர் வேக்குவம் கிளீனரை வெச்சு உறிஞ்சவும் பச்சையா பாசி வந்து விழுந்துச்சு. "திரும்ப ஐஸ் கட்டுச்சுன்னா சொல்லுங்க, அப்ப கேஸைப் பாப்போம்"னாரு. கட்டல. மறுநா காசு அனுப்புறேன்னா, "போன்ல பேசுனதுக்கு எதுக்கும்மா"ன்னுட்டாரு. அந்தத் தீபாவளிக்கு எல்லா ஏசியும் சர்வீஸ் அவருக்குத்தான் குடுத்தோம்.

திருச்சி பாலாஜி:
கோவை அண்ணா, ஒரு கெப்பாசிட்டர் வாங்கி வீட்லயே வெச்சுக்கலாமா?

கோவை ஏசி மெக்கானிக்:
உங்களுது இன்வெர்ட்டர், அதுல இந்த மாதிரி கம்ப்ரஸர் கெப்பாசிட்டரே இல்லீங்க. பழைய மாடல் வெச்சிருக்கறவங்க வாங்கி வைக்கலாம். அதே மைக்ரோஃபாரட், 440 வோல்ட். மாட்டறதை மட்டும் நீங்களா செய்யாதீங்க, மெயினை அணைச்ச பின்னாடியும் பழசுல சார்ஜ் நிக்கும், அடிக்கும். உங்க ஏசில ஏதாவது லைட் சிமிட்டினாலோ எரர் நம்பர் வந்தாலோ போட்டோ எடுத்து வைங்க. போன்லயே அதைச் சொன்னா, வர்றவன் சரியான சாமானோட வருவான்.