வீட்டு ஜெபத்துக்கு ஒரு யோசனை சொல்லுங்க

ஸ்தோத்திரமுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை முடிச்சு வர்றவங்களுக்காக வியாழன் ராத்திரி 8 மணிக்கு 40 நிமிஷ வீட்டு ஜெபம் நடத்துறோம். பைபிள்ல பிலிப்பியர் 4:6 சொல்றபடி, ஆளுக்கு ஒரு விண்ணப்பம், கூடவே நன்றி சொல்லி ஒரு ஸ்தோத்திரம். "குடும்பத்தை ஆசீர்வதியும்"னு பொதுவாச் சொன்னா மறுவாரம் விசாரிக்க ஒண்ணுமே இருக்காது. "சனிக்கிழமை சம்பளத்துல குழுக்கடன் தவணை 1,150 ரூபா கட்டணும்"னு சொன்னா நோட்டுல தேதியோட ஏறும், பதில் கிடைச்சதும் பக்கத்துலயே குறிச்சுக்கலாம்.

சிக்கலே அங்கதான். கடனை வாய்விட்டுச் சொன்னா மறுநாளே லைன் வீடு முழுக்கத் தெரிஞ்சுருது (ஜெபக்குறிப்புங்கற பேர்ல புறணிதான், வேறென்ன). பேரில்லாம சீட்டுல எழுதிப் போட்டா, அப்புறம் யாரைப் போய் விசாரிக்கறது? உங்க சபையில இதுக்கு என்ன ஏற்பாடு வச்சிருக்கீங்க அண்ணா, அக்கா?