வேலையால வந்து கேற்றடியிலயே நிக்கிறன், உள்ள போக மனமில்ல. என்ன செய்யலாம்?

பரந்தன்_பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். எழுதுவமோ விடுவமோ எண்டு ரெண்டு கிழமையா யோசிச்சுப்போட்டுத்தான் எழுதுறன். நான் கிளிநொச்சியில ஒரு நிறுவனத்தில புறொஜெக்ற் ஒபிசர், எட்டு வருசமாச்சு. பீல்ட் முழுக்க விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம். ஸ்கூட்டியில போய் வாறது, வந்து அஞ்சு மணிக்குப் பிறகுதான் லப்டொப்பைத் திறந்து றிப்போட் அடிக்கிறது, பிறகு கொழும்பு ஒபிசோட சூம் மீற்றிங், அது முடிஞ்சு பிள்ளையளுக்குப் புட்டு அவிக்கேக்க வட்ஸ்அப் குறூப்பில "விடியக் காலமைக்குள்ள இந்த லிஸ்ற் வேணும்" எண்டு மெசேஜ் வந்து விழும். மனுசனுக்கு வவுனியாவில வேலை, கிழமைக்கு ஒருக்காத்தான் வீட்ட வருவார். மூத்தவனுக்கு இந்த முறை ஸ்கொலசிப் சோதினை வேற.

போன கிழமை விசுவமடுவில ஒரு அம்மா தன்ர காணிப் பிரச்சினையைச் சொல்லிச் சொல்லி அழுறா, நான் ஃபோமில எந்தப் பெட்டிக்குள்ள புள்ளடி போடுறது எண்டு மட்டும்தான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான். முந்தி நான் இப்பிடி இல்ல. அண்டைக்கு வீட்ட வந்து கேற்றடியில ஸ்கூட்டியை நிப்பாட்டிப்போட்டு கால்மணித்தியாலம் இறங்காமலே இருந்திட்டன்.

அம்மாட்டச் சொன்னா "மாத்தளனில தறப்பாளுக்குக் கீழ கிடந்த எங்களுக்கு வராத களைப்போ உனக்கு" எண்டு கேக்கிறா. அவா சொல்றதும் பொய்யில்ல, நானும் அங்கதான் நிண்டனான், 2009 கடைசிச் சண்டைக்க எனக்கு 19 வயசு. அதாலயே வாயைத் திறக்க ஏலாமக் கிடக்கு. யூரியூப்பில பாத்தா வாசனை மெழுகுதிரி கொழுத்துங்கோ, ஸ்பாவுக்குப் போங்கோ எண்டுறாங்கள், உதுக்கெல்லாம் நான் எங்க போக. சின்னனா, காசில்லாம, உண்மையில செய்யக்கூடியது ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ.

கிணத்தடி:
தங்கச்சி, நான் நேர்ஸ், 17 வருசம். எனக்கும் ஒரு காலம் அப்பிடித்தான் கிடந்தது, வோட்டில ஆர் கூப்பிட்டாலும் எரிச்சல், வீட்ட வந்தா பிள்ளை "அம்மா" எண்டாலே எரிச்சல். எனக்குக் கைகுடுத்தது எங்கட வீட்டுக் கிணறு, சிரிக்காதேங்கோ. டியூட்டி முடிஞ்சு வந்தா ஆரோடயும் கதைக்கிறேல்ல, நேரா கிணத்தடி. மோட்டர் இருக்கு, ஆனா வேணுமெண்டே வாளியால அள்ளித்தான் குளிக்கிறன். முதல் ரெண்டு வாளிக்கும் தலைக்குள்ள வோட்டுச் சத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆறேழு வாளிக்குப் பிறகு கயிறும் தண்ணியும் மட்டும்தான். பிள்ளையளுக்கும் இப்ப தெரியும், அம்மா குளிச்சிட்டு வந்தாத்தான் அம்மா.

மற்றது மத்தியானச் சாப்பாடு. லப்டொப்புக்கு முன்னால சோத்துப் பாசலை விரிக்கிற பழக்கத்தை விடுங்கோ, எங்கயாவது மரத்துக்குக் கீழ போயிருந்து சாப்பிடுங்கோ, போனை மேசையில விட்டிட்டு.

வவுனிக்குளத்தான்:
கிணத்தில குளிச்சா றிப்போட் குறையுமோ? குறை நினைக்காதேங்கோ அக்காமார், எனக்கு உந்தக் கதையில கொஞ்சம் கோவம். நாலு பேற்ற வேலையை ஒராள்ட்டக் குடுத்துப்போட்டு, "மனதை அமைதியா வைச்சிருங்கோ" எண்டு ஒரு நாள் வேர்க்சொப்பும் வைப்பாங்கள், அந்த வேர்க்சொப்புக்கும் நாங்கள்தான் றிப்போட் அடிக்கோணும்! நான் முந்தி ஒரு இடத்தில கலெக்சன் வேலை செய்தனான், ஞாயிறும் இல்ல, பொங்கலும் இல்ல. 32 வயசில பிறெசர் எண்டு டொக்டர் சொன்ன பிறகுதான் விட்டனான்.

நீங்கள் முதல்ல செய்யவேண்டியது உங்கட கொன்றாக்டை எடுத்து வாசிக்கிறது. கடை, காரியாலய ஊழியர் சட்டம் எண்டு 1954 இல இருந்து ஒண்டு இருக்கு, அதுக்குக் கீழ வந்தா வருசத்துக்கு 14 நாள் ஆண்டு லீவு, 7 நாள் அமைய (கசுவல்) லீவு, கிழமைக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலை நேரம். எத்தின லீவு மிச்சம் கிடக்கெண்டு எண்ணிப் பாருங்கோ. எங்கட சனம் செத்தவீட்டுக்கும் வருத்தத்துக்கும் மட்டும்தான் லீவு எடுக்கும், சும்மா இருக்க லீவு எடுக்கிறது ஏதோ களவு செய்யிற மாதிரி.

மனசோட_கதை:
நான் உளசமூக வேலையில இருக்கிறன், ரெண்டு பேர் சொன்னதிலயும் நியாயம் இருக்கு. பேர்ண் அவுட் எண்டுறதை உலக சுகாதார நிறுவனம் 2019 இல தன்ர நோய்ப் பட்டியலின்ர 11 ஆவது பதிப்பில விளங்கப்படுத்தேக்க, நோய் எண்டு போடேல்ல, வேலையோட சம்பந்தப்பட்ட ஒரு நிலைமை எண்டுதான் போட்டது. கன நாளா வேலை அழுத்தத்தைச் சரியாக் கையாள ஏலாமப் போறதால வாறது. மூண்டு அடையாளம் சொல்லுவினம்: சத்து வடிஞ்ச மாதிரிக் களைப்பு, செய்யிற வேலையில மனம் விலகிப்போறது, என்னால ஒண்டும் உருப்படியாச் செய்ய ஏலாது எண்ட நினைப்பு. நீங்கள் அந்தப் புள்ளடிக் கதை சொன்னீங்களே, அது ரெண்டாவது. நீங்கள் கல்நெஞ்சுக்காரி ஆகேல்ல, பயப்பிடாதேங்கோ. அம்மாவின்ர களைப்பு வேற, உங்கட களைப்பு வேற, ரெண்டையும் ஒரு தராசில வைக்க வேண்டாம்.

இனித் திட்டம். "நேரம் கிடைச்சா ஓய்வெடுப்பன்" எண்டா அந்த நேரம் ஒருநாளும் வராது. ஏ9 ரோட்டில பாருங்கோ, எவ்வளவு அவசரமாப் போறவனும் முறிகண்டியில இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டுதான் திரும்ப ஏறுறான். நேரம் இருக்கோ எண்டு டிறைவர் யோசிக்கிறேல்ல, இடம் வந்தா நிப்பாட்டுறதுதான். உங்கட நாளுக்குள்ளயும் அப்பிடி ஒரு முறிகண்டி வேணும், மணிக்கூட்டில இல்ல, ஏற்கனவே நீங்கள் போய்வாற வழியில. பத்து நிமிசம் காணும். கிழமைக்கு ஒண்டு மட்டும் புதுசாத் தொடங்குங்கோ, ஒரேயடியா நடை, யோகா, டயறி எண்டு வெளிக்கிட்டா அதுவும் இன்னொரு றிப்போட்டாப் போயிரும்.

இன்னொண்டு, பின்னேரம் நாலுக்குப் பிறகு குடிக்கிற தேத்தண்ணியைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்கோ, நித்திரைக்கு உதவும். ஆனா நித்திரையே வராம, சாப்பாடு பிடிக்காம, வாழ்ந்து என்ன எண்ட நினைப்பு வந்தா, உந்தச் சின்ன விசயங்களோட மினக்கெடாதேங்கோ. 1926 க்கு அடியுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம் அது. இல்லாட்டி ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போங்கோ, அது ஒண்டும் வெக்கப்படுற விசயமில்ல.

பரந்தன்_பிள்ளை:
மூண்டு கிழமை கழிச்சு வாறன், மன்னிக்கோணும். உங்கட மெசேஜ் எல்லாத்தையும் ரெண்டு மூண்டு தரம் வாசிச்சனான். அந்த அளவுக்கு மோசமில்ல, பயப்பிடாதேங்கோ. கிணறு சரிவரேல்ல, எங்களுக்குக் குழாய்க்கிணறு. இரவு வட்ஸ்அப் குறூப்பை மியூற்றில போட்டன், ரெண்டாம் நாளே "ஏன் பாக்கேல்ல" எண்டு கேள்வி வந்திட்டுது, ஒன்பது மணிக்குப் பிறகு பாக்க மாட்டன் எண்டு நேரடியாச் சொன்னன், முகம் சுழிச்சவைதான், ஆனா இதுவரைக்கும் ஒரு லிஸ்றும் பிந்தேல்ல. லீவு எண்ணிப் பாத்தன், 11 நாள் கிடக்கு! வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் போகாம ஆருக்காகச் சேத்து வைச்சனோ. மூண்டு நாள் எழுதிக் குடுத்திட்டன்.

முறிகண்டி யோசனைதான் பிடிச்சிருந்தது. திரும்பி வரேக்க தருமபுரம் கழிய ரோட்டோரத்தில ஒரு மருதமரம் நிக்குது, அதுக்குக் கீழ ஸ்கூட்டியை நிப்பாட்டி, பிளாஸ்க்கில கொண்டுபோன மல்லித்தண்ணியைக் குடிக்கிறது. முதல் நாள் பத்து நிமிசத்தில நாலு தரம் போனைத் தூக்கிப் பாத்தன். ரெண்டாம் நாள் மாடு சாய்ச்சுக்கொண்டு வந்த ஒரு ஐயா "என்ன பிள்ளை, பெற்றோல் முடிஞ்சு போச்சோ?" எண்டு கேட்டார், இல்லை ஐயா சும்மா இருக்கிறன் எண்டன், அவர் நம்பேல்ல. மூண்டாம் நாளும் வந்து ராங்கைத் தட்டிப் பாத்தார். இப்ப மூடியில அவருக்கும் கொஞ்சம் மல்லித்தண்ணி ஊத்திக் குடுக்கிறன், அவர் நிண்டபடியே தன்ர மாட்டுப் பட்டிக் கதை, இடம்பெயர்ந்த கதை, கனடாவில இருக்கிற மகன் போன் எடுக்காத கதை எல்லாம் சொல்லுவார். பத்து நிமிசம் அரை மணித்தியாலமாகுது. உது ஓய்வுக் கணக்கில வருமோ?

மனசோட_கதை:
வரும். ஆனா அவருக்கு ஃபோம் ஒண்டும் நிரப்பிப் போடாதேங்கோ.