மெஷ் எழுகிறது, கேமராவுக்கு மட்டும் ஐபி வரவில்லை

தோப்புவீடு:
ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் வீடு, கொப்பரைக் களம், மோட்டார் ரூம் என மூன்று இடத்தில் ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான இலவச லினக்ஸ் மென்பொருள்) ஏற்றிய ரூட்டர் வைத்து 802.11எஸ் மெஷ் (ரூட்டர்கள் வயரில்லாமல் ஒன்றோடொன்று இணையும் வலை) போட்டிருக்கிறேன். ஃபைபர் வீட்டில்தான் வருகிறது. கிணற்றடியில் இரண்டு கேமரா. இரண்டிலும் லேன் போர்ட் மட்டுமே. அதற்காக இன்னொரு பழைய ரூட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி ஏற்றி, மோட்டார் ரூம் வைஃபையில் கிளையன்டாகச் சேர்த்தேன். சிக்னல் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வைஃபையை லேனோடு பிரிட்ஜ் பண்ணினால் (ஒரே நெட்வொர்க்காக இணைத்தால்) ஏற்க மறுக்கிறது. கேமராவுக்கு ஐபி (நெட்வொர்க் முகவரி) வரவே இல்லை.

இன்னொன்று: மெஷ்ஷுக்கு எஸ்ஏஇ (டபிள்யூபிஏ3 முறை) பாஸ்வேர்டு போட்டால் நோடுகள் (மெஷ்ஷில் உள்ள ரூட்டர்கள்) ஒன்றையொன்று பார்ப்பதில்லை. இப்போதைக்குத் திறந்தபடி ஓடுகிறது. சுற்றிலும் தென்னைதானே, பரவாயில்லையா?

எஸ்டேட்_நெட்வொர்க்:
பரவாயில்லையா என்றால், இல்லை. திறந்த மெஷ்ஷில் சேருகிறவன் கெஸ்ட் வைஃபைக்கு வரவில்லை. நேரே உங்கள் வீட்டு லேனுக்குள் வந்து உட்காருகிறான். ரூட்டர் ஓயாமல் ஒலிபரப்பும் பீக்கனிலேயே மெஷ் பெயர் தெரியும். ரோட்டோரம் நின்று ஒரு லேப்டாப்பைத் திறந்தால் போதும்.

எஸ்ஏஇ எழாததற்குக் காரணம் பெரும்பாலும் டபிள்யூபேட்-பேசிக், அதாவது வைஃபை பாஸ்வேர்டைக் கவனிக்கும் பேக்கேஜின் சுருக்கப் பதிப்பு. அதில் மெஷ் குறியாக்கம் கிடையாது. அதை நீக்கிவிட்டு டபிள்யூபேட்-மெஷ்-எம்பெட்டிஎல்எஸ் போடுங்கள். நீக்கியதும் அந்த ரூட்டரின் வைஃபை படுத்துவிடும், களத்து நோடுக்கு இணையமே மெஷ் வழியாகத்தான். அதனால் பேக்கேஜை முன்னாடியே இறக்கி வைத்துக்கொண்டு, லேப்டாப்பைக் கேபிளில் செருகி வேலையைப் பாருங்கள். அப்படியும் எழாமல், 5 கிகாஹெர்ட்ஸ் சிப் ஏடிஹெச்10கே வகையாக இருந்தால், பெயர் 'சிடி' என்று முடியும் டிரைவரையும் ஃபெர்ம்வேரையும் சாதாரணப் பதிப்புக்கு மாற்றிப் பாருங்கள்.

இப்போது கேமரா. சாதாரண வைஃபை கிளையன்ட் அனுப்பும் ஃபிரேமில் (டேட்டா பொட்டலத்தில்) மூன்று மேக் முகவரிக்குத்தான் (கருவியின் அடையாள எண்) இடம். அனுப்பும் ரேடியோவும் பேசும் கருவியும் ஒன்றே என்ற கணக்கு அது. பின்னால் தொங்கும் கேமராவின் மேக்கை எழுத அதில் இடமே இல்லை, அதனால்தான் லினக்ஸ் பிரிட்ஜ் மறுக்கிறது. இரண்டு பக்கமும் டபிள்யூடிஎஸ் (நான்கு முகவரி முறை) போட்டால் நான்காவது முகவரி கிடைக்கும், வேலை நடக்கும். ஆனால் நான் செய்வதென்றால் அந்தப் பழைய ரூட்டரையே மெஷ்ஷில் நான்காவது நோடாக்கி, மெஷ்ஷையும் லேன் போர்ட்டையும் ஒரே பிரிட்ஜில் போடுவேன். 802.11எஸ் ஃபிரேமில் ஆறு முகவரி வரை இடமுண்டு. வெளியிலிருந்து பிரிட்ஜ் ஆகி வரும் கருவிகளுக்காகவே வைத்தது. அந்தப் பழைய ரூட்டரில் ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரை மறக்காமல் அணையுங்கள்.

கேபிள்ராஜா:
சேனலை 'ஆட்டோ'வில் விடாதீர்கள், எல்லா நோடிலும் ஒரே எண் இருக்க வேண்டும். அப்புறம், களத்துக்கும் வீட்டுக்கும் பின்னாளில் கேபிள் இழுத்தால் மெஷ்ஷும் கேபிளும் சேர்ந்து லூப் ஆகிவிடும். லூப்பைக் கண்டு ஒரு வழியை அடைக்கும் எஸ்டிபி போட்டு வையுங்கள்.

தோப்புவீடு:
நான்காவது நோடாக்கியதும் கேமரா வந்துவிட்டது அண்ணா. டபிள்யூபேட் மாற்றி எஸ்ஏஇயும் எழுந்துவிட்டது. இன்னொரு சந்தேகம். எங்கள் பக்கம் மோட்டார் ரூமில் காப்பர் வயரையே உருவிக்கொண்டு போகிறார்கள். ரூட்டரையும் தூக்கிக்கொண்டு போனால்?

எஸ்டேட்_நெட்வொர்க்:
பாஸ்வேர்டும் கூடவே போகும். கான்ஃபிக் ஃபைலில் அது அப்படியே எழுத்தாகக் கிடக்கும், எல்லா நோடுக்கும் அதே சாவி. அதனால் ஒன்று காணாமல் போன அன்றைக்கே மற்ற எல்லாவற்றிலும் மாற்றிவிடுங்கள். வீட்டிலிருந்தபடி மாற்றுவதானால் கடைக்கோடி நோடில் தொடங்கி வீட்டு ரூட்டரில் முடியுங்கள். வீட்டில் முதலில் மாற்றினால் தோப்பு முழுக்க ஏணி தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

கிணற்றடியில் கேமராவைக் கழற்றிவிட்டு லேப்டாப்பைச் செருகினாலும் இதே கதைதான், நேரே வீட்டு லேனுக்குள் வந்துவிடலாம். கேமராக்களைத் தனி விலானில் (அதே வயரில் பிரித்து ஓடும் தனி நெட்வொர்க்) போட்டு, அங்கிருந்து வீட்டு லேனுக்கு வழியில்லாமல் ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள். விலானை மெஷ் வழியாகக் கொண்டுபோக மேலே பேட்மேன்-அட்வ் (மெஷ்ஷில் வழி தேடும் இன்னொரு மென்பொருள்) போடுவது சுலபம், விலான் அடையாளமான டேக்கை அப்படியே சுமக்கும். அப்போது 802.11எஸ்ஸின் சொந்த ஃபார்வர்டிங்கை 0 ஆக்கி, மெஷ் இன்டர்ஃபேஸின் எம்டியூவை (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச பைட் அளவு) 1500-இலிருந்து 1536-க்கு ஏற்றுங்கள். இல்லையென்றால் பெரிய ஃபிரேமெல்லாம் துண்டு துண்டாகத்தான் போகும்.