கூட்டுறவு கரண்ட் வந்தால் லாபமாம்! மோட்டாருக்கு மீட்டர் எங்கே?

பல்லடம் கணக்கர்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அமெரிக்காவில் போல விவசாயிகளே மின்சாரச் சங்கம் ஆரம்பித்து, மொத்த விலைக்கு வாங்கி ஊருக்குக் கொடுத்தால், வருசக் கடைசியில் மிஞ்சுவதை உறுப்பினர்களே பிரித்துக்கொள்ளலாமாம். தாராபுரம் பக்கம் அடுத்த வருசமே லாபமாம். மின்வாரியத்தில் வருவாய்ப் பிரிவிலேயே தலை நரைத்தவன் நான். சங்கத்தின் ஆண்டுக் கணக்கில் முதலில் எழுதுவது, எத்தனை யூனிட் வாங்கினோம். அடுத்தது, எத்தனை விற்றோம். இலவச மின்சாரத்தில் ஓடும் தோட்டத்து மோட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே கிடையாது. அந்த இரண்டாவது இடத்தில் என்ன எழுதுவீர்கள்?

டெக்சாஸ் தாராபுரத்தான்:
எழுதியவன் நான்தானுங்க. இங்கே பெடர்னேல்ஸ் கூட்டுறவு 1938இல் ஆரம்பித்தது. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, கம்பி இழுத்தால் கட்டுபடியாகாது என்று தனியார் கம்பெனிகள் கைவிட்ட ஊர்கள் இவை. அரசுக் கடன் வாங்கிக் குடியானவர்களே இழுத்தார்கள். செலவு போக மிஞ்சுவதை அவரவர் கட்டிய பில்லுக்கு ஏற்ப உறுப்பினர் பெயரில் வரவு வைத்து, பிற்பாடு திருப்பித் தருகிறார்கள்.

பல்லடம் கணக்கர்:
சந்தோஷம். அங்கே மீட்டர் இருக்கிறதா, இல்லையா?

டெக்சாஸ் தாராபுரத்தான்:
இருக்கிறது. அதற்கென்ன?

பல்லடம் கணக்கர்:
அதற்குத்தான் கேட்டேன்.

காங்கேயம் தோட்டம்:
யூனிட்டுக்கு 8 பைசாவை 10 ஆக்கியதை எதிர்த்துப் போராடியபோது, 1970இல் பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972இல் மாட்டுவண்டிகளைக் கொண்டுபோய்க் கோயமுத்தூரையே அடைத்தோம். இலவச மின்சாரம் யாரும் போட்ட பிச்சையல்ல. மீட்டர் தோட்டத்துக்குள் வந்தால் பின்னாலேயே பில் வரும். சங்கமும் வேண்டாம், சாமானும் வேண்டாம்.

சோமனூர் தறி:
அண்ணா, எங்கள் தறிக்கூடத்தில் மீட்டர் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம், அதற்கு மேல் ஓடினால் காசு. நாங்கள் செத்தா போய்விட்டோம்?

காங்கேயம் தோட்டம்:
நூல் விலை ஏறினால் தறியை நிறுத்திப் போராடுவீர்கள். என் தென்னையை நிறுத்தி வைக்க முடியுமா தம்பி?

அவினாசி வாத்தியார்:
ஐயா கணக்கரே, தெலங்கானாவில் சிரிசில்லா மின் கூட்டுறவுச் சங்கம் 1970 முதல் நடக்கிறது. அதுவும் தறி ஊர், சுற்றிலும் இலவச விவசாய மின்சாரம். அங்கே முடியும்போது இங்கே ஏன் முடியாது?

பல்லடம் கணக்கர்:
இலவசத்துக்கு யாராவது பணம் கட்ட வேண்டும், வாத்தியாரே. அரசு மானியம் தந்தால்தான் சங்கம் நிற்கும். எத்தனை யூனிட்டுக்கு மானியம்? இங்கே மோட்டாரின் ஹெச்பியை, அதாவது குதிரைத் திறனை, வைத்துப் பெருக்கி உத்தேசம் போடுகிறோம். மோட்டாரின் பெயர்ப் பலகையில் 5 ஹெச்பி, உள்ளே ஓடுவது ஏழரை. உத்தேசத்தைக் கூட்டிப் போட்டால் விவசாய விற்பனை, குறைத்துப் போட்டால் லைன் லாஸ், அதாவது கம்பியில் வீணானது. கொக்கி போட்டவனும் அதற்குள்ளேயே ஒளிந்துகொள்வான். மகாராஷ்டிராவில் முளா பிரவரா மின் கூட்டுறவுச் சங்கமும் பெரிய பெயரோடுதான் இருந்தது. மின்சாரம் வாங்கிய பாக்கி மலையாக ஏறி, 2011இல் விநியோகம் கைவிட்டுப் போயிற்று. அதனால் மறுபடியும் கேட்கிறேன், மீட்டர் எங்கே?

டெக்சாஸ் தாராபுரத்தான்:
பாக்கி விழுந்தது நிர்வாகக் கோளாறு. உறுப்பினருக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு, வருசா வருசம் பொதுக்குழு, கணக்கு மேஜைக்கு வரும். கேள்வி கேட்கலாம்.

சோமனூர் தறி:
ஆளுக்கு ஒரு ஓட்டா! எங்கள் ஊர்ப் பால் சங்கத் தேர்தலில் செத்துப்போன எங்கள் பெரியப்பாவும் ஓட்டுப் போட்டார். அப்புறம், 2021 பிப்ரவரிக் குளிரில் மின்சாரச் சந்தை விலை எகிறியபோது உங்கள் டெக்சாஸில் பிராசோஸ் மின் கூட்டுறவுக்கு மாட்டுக்கு வைத்த தீனி போல பில் வரவில்லை, யானைக்கு வைத்தது போல வந்தது. 200 கோடி டாலர் பக்கம். மார்ச்சில் திவால் மனு. அதை ஏனுங்க எழுதவில்லை?

டெக்சாஸ் தாராபுரத்தான்:
அது சங்கங்களுக்கு மொத்தமாக மின்சாரம் தரும் மேல்சங்கம். வீட்டுக்கு விநியோகிக்கும் சங்கம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

பல்லடம் கணக்கர்:
குழப்பமே இல்லை. சங்கத்தின் செலவில் பெரும்பங்கு மின்சாரம் வாங்கத்தான் போகும். வாங்கும் விலை உங்கள் கையில் இல்லை, விற்ற அளவோ யாருக்கும் தெரியாது. இதில் எந்த லாபத்தைப் பிரிப்பீர்கள்? மீட்டர் எங்கே என்றால் குளிருக்கும் பால் சங்கத்துக்கும் ஓடுகிறார்கள்.

காங்கேயம் தோட்டம்:
போன மாதம் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீர் விவாதத்திலும் இவர் இப்படித்தான். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், மடையில் அளவுகோல் எங்கே என்று கேட்டார். தண்ணீருக்கும் மீட்டர் கேட்பார் இந்த மனுசர்.

பல்லடம் கணக்கர்:
கேட்பேன். வாய்க்காலில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது யார் என்று அன்றும் பதில் வரவில்லை.

காங்கேயம் தோட்டம்:
யாரைச் சொல்கிறீர்கள்? பெயரைச் சொல்லுங்கள்.

அவினாசி வாத்தியார்:
கூட்டுறவுச் சங்கம் பற்றிப் பேசலாமே...

காங்கேயம் தோட்டம்:
நீங்கள் சும்மா இருங்க வாத்தியாரே. எனக்கு 15 ஹெச்பி, வரிசையில் காத்திராமல் பணம் கட்டி வாங்கும் தட்கல் திட்டத்தில் 4 லட்சம் கட்டி வாங்கிய இணைப்பு. பலகையிலும் அதேதான், உள்ளேயும் அதேதான். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

பல்லடம் கணக்கர்:
பார்த்தால் தெரியாதுங்க. அளந்தால்தான் தெரியும்.

சோமனூர் தறி:
4 லட்சமா? அப்புறம் எப்படிண்ணா அது இலவசம்?

காங்கேயம் தோட்டம்:
உனக்கு 1000 யூனிட்டை நிறுத்தச் சொல்லி நாளைக்கே மனுக் கொடுக்கிறேன், அப்போது தெரியும்.