சூடோனிமைசேஷனுக்கு ‘இடுகுறியாக்கம்’: ஒரு முன்மொழிவு

மதிப்பிற்குரிய அன்பர்களுக்கு,

வணக்கம். இணைய உரையாடல் மன்றங்களுக்கான மென்பொருளின் இடைமுகத்தைத் தமிழாக்கும்போது, ஆளை யாரும் கண்டுகொள்ள முடியாதபடி தரவை மாற்றும் ‘அனானிமைசேஷன்’, பெயருக்குப் பதில் எண் போன்ற ஒரு குறியை மட்டும் இடும் ‘சூடோனிமைசேஷன்’ ஆகிய இரண்டுக்கும் ‘பெயர் நீக்கம்’ என்ற ஒரே சொல்லை ஆள்வது சரியா என்று இந்த இழையைத் தொடங்கிய நண்பர் கேட்டிருந்தார். சரியில்லை என்பதே என் கருத்து. இந்த ஒரு சொல்லால் சிறு மன்றங்களை நடத்தும் தன்னார்வலர்கள் அறியாமலே சட்டத்தை மீறவும், அவர்களை நம்பி எழுதியவர்கள் ஏமாறவும் இடமுண்டு என்பதை அனுபவத்தில் கண்டிருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, சூடோனிமைசேஷனைத் தன் 4-ஆம் பிரிவில் வரையறுக்கிறது. வேறோர் இடத்தில் தனியாகப் பாதுகாக்கப்படும் கூடுதல் தகவலோடு சேர்த்துப் பார்த்தாலன்றி இன்னாருடையது என்று சொல்ல முடியாதபடி தரவை மாற்றி வைப்பதே அதன் பொருள். அப்படி மாற்றிய பின்னும், அந்தக் கூடுதல் தகவலைக் கொண்டு ஆளைக் கண்டுகொள்ள முடியும் என்றால், அது தனிநபர் தரவுதான் என்கிறது முகவுரையின் 26-ஆம் பத்தி. நடைமுறையில் கைக்கொள்ளக்கூடிய எந்த வழியிலும் ஆளைக் கண்டுகொள்ள முடியாத நிலைக்கு வந்துவிட்ட தரவு மட்டுமே சட்டத்தின் எல்லைக்கு வெளியே போகிறது.

‘நம்முடையது நூறு பேர் கூட இல்லாத மன்றம், பெரிய நிறுவனங்களுக்கான சட்டம் நமக்கு எதற்கு?’ என்று சென்ற மடலில் ஒருவர் கேட்டிருந்தார். அளவு சிறியது என்பதற்காக இந்தச் சட்டம் யாரையும் விட்டுவிடுவதில்லை. சொந்தத் தேவைக்கும் வீட்டுத் தேவைக்கும் தரவைக் கையாள்வோருக்கு விலக்கு உண்டு. ஆனால், திருச்சபையில் தன்னோடு தொண்டு செய்தவர்களைப் பற்றி இணையத்தில் எழுதிய சுவீடன் நாட்டுத் தன்னார்வலர் ஒருவரின் வழக்கில், உலகமே பார்க்கும்படி வெளியிடுவது வீட்டுக் காரியம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003-இலேயே, பழைய சட்டத்தின் கீழேயே, தீர்ப்பளித்துவிட்டது. 250 பேருக்கும் குறைவான பணியாளர்கள் உள்ள அமைப்புகளுக்குப் பதிவேடு பராமரிப்பதில் தரப்பட்ட சலுகையும், தரவைக் கையாள்வது எப்போதாவது நடக்கும் செயலாக இருந்தால்தான் பொருந்தும். மன்றத்திலோ அது நாள்தோறும் நடக்கிறது. ஆகவே, தன் தரவை அழிக்கும்படி ஓர் உறுப்பினர் எழுதினால், பெரிய நிறுவனத்தைப் போலவே சிறு மன்றமும் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பதிலை எழுதும்போதுதான் சொல் முக்கியமாகிறது. நான் மட்டுறுத்துநராக, அதாவது பதிவுகளை மேற்பார்வையிடுபவராக, இருந்த மன்றம் ஒன்றில், நாட்பட்ட நோயோடு வாழ்பவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதலும் தகவலும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஆறு ஆண்டுகள் எழுதிய பெண்மணி ஒருவர் விலகும்போது, தாம் எழுதியதிலிருந்து தம்மை யாரும் கண்டுகொள்ளக் கூடாது என்று கேட்டார். நான் ‘பெயரை நீக்கு’ என்ற பொத்தானை அழுத்தினேன். அவருடைய பெயர் இருந்த இடமெல்லாம் ‘பயனர் 417’ என்று மாறியது. ‘உங்கள் பெயர் நீக்கப்பட்டுவிட்டது, இனி உங்களை யாரும் அடையாளம் காண முடியாது’ என்று நான் மனமார எழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்து அவரிடமிருந்து மறுபடி மடல் வந்தது. அவருடைய உறவினர் ஒருவர் இரண்டே பதிவுகளைப் படித்துவிட்டு, எழுதியவர் அவர்தான் என்று சொல்லிவிட்டாராம்.

அதன் பிறகே தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தேன். 417 என்ற எண்ணுக்கு நேராக அவருடைய மின்னஞ்சல் முகவரி வேறோர் அட்டவணையில் அப்படியே இருந்தது. கடைசியாக நுழைந்த ஐபி முகவரியும் (இணைய இணைப்பைக் காட்டும் எண்) இருந்தது. மற்றவர்கள் அவருக்கு எழுதிய மறுமொழிகளின் மேற்கோள்களில் அவருடைய பெயர் மாறாமல் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அறுவை சிகிச்சை நடந்த தேதி, பிள்ளைகளின் வயது, இரவுப் பணி என்று ஆறு ஆண்டுகளில் சிதறிக் கிடந்த செய்திகளை அந்த ஒற்றை எண் ஒரே சரடில் கோத்துக் காட்டியது. மென்பொருள் செய்தது சூடோனிமைசேஷன். பொத்தானில் எழுதியிருந்ததோ நீக்கம். 2006-இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் ஆறரை லட்சம் பேரின் தேடல்களைப் பெயருக்குப் பதில் எண்ணிட்டு வெளியிட்டபோதும், ஓர் எண்ணுக்குரிய தேடல்களை மட்டும் தொடர்ந்து படித்தே செய்தியாளர்கள் ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் சொன்னதே அவருக்குப் பெயராகிவிடும் என்பது தமிழ் படித்தவர்களுக்குப் புதிதன்று. இயற்பெயர் தொலைந்த சங்கப் புலவர்களை அணிலாடு முன்றிலார் என்றும் ஓரேருழவனார் என்றும் அவர்கள் ஆண்ட தொடராலேயே இன்றும் அழைக்கிறோம்.

இனி, சூடோனிமைசேஷனுக்கு முன்வைக்கப்பட்ட சொற்கள். ‘புனைபெயராக்கம்’ மூலச்சொல்லுக்கு நெருக்கமானது. ஆயினும் புனைபெயர் என்பது எழுதுபவர் தாமே விரும்பிச் சூடிக்கொள்வது. இங்கே பெயரை மாற்றுபவர் தரவை வைத்திருப்பவர். எந்தக் குறி யாருடையது என்று பொருத்திப் பார்க்கும் பட்டியலும் அவரிடமே இருக்கிறது. அந்தப் பொறுப்பு யாருடையது என்பதைப் ‘புனைபெயர்’ மறைத்துவிடுகிறது. ‘அடையாள மறைப்பு’ எனக்கு முதலில் பிடித்திருந்தது, ஏனெனில் மறைத்த பொருள் எங்கோ இருக்கிறது என்பதை அந்தச் சொல்லே உணர்த்துகிறது. ஆனால் இடைமுகத்தில் ‘மறை’ என்பது திரையில் காட்டாமல் வைப்பதற்கும், மறையாக்கம் என்பது, திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றும் என்கிரிப்ஷனுக்கும் ஏற்கெனவே வழங்குவதால், மூன்றாவது சுமையை அது தாங்காது.

நான் முன்மொழிவது ‘இடுகுறியாக்கம்’. மண், மரம் போன்றவை இடுகுறிப்பெயர் என்றும், பறவை, நாற்காலி போன்றவை காரணப்பெயர் என்றும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். காரணம் கருதாமல் இட்டு வழங்கும் குறி என்ற பொருள் இங்கே அப்படியே பொருந்துகிறது. இடுகுறி என்றாலே அதை இட்டவர் ஒருவர் இருக்கிறார். அந்தக் குறிக்கும் அதற்குரிய ஆளுக்கும் இடையே உள்ள தொடர்பு அவருக்குத் தெரியும். 2025 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியதும் இதையொட்டியதே: இப்படி மாற்றிய தரவு, பட்டியலை வைத்திருப்பவரைப் பொறுத்தவரை தனிநபர் தரவாகவே நீடிக்கும், பட்டியலை எட்டவே வழியில்லாத மற்றொருவரைப் பொறுத்தவரை அப்படி இல்லாமலும் போகலாம்.

இந்தச் சொல் நிர்வாகிக்கு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. பெயரின் முதலெழுத்தையும் பிறந்த ஆண்டையும் சேர்த்துக் குறியிட்டால் அது காரணப்பெயர். பார்த்தவுடன் ஆளைக் காட்டிக்கொடுக்கும். மின்னஞ்சல் முகவரியை ஹேஷ் செய்து, அதாவது ஒரு நிலையான கணக்கின் வழியே எழுத்தும் எண்ணுமாக மாற்றி, கிடைக்கும் குறி பார்வைக்கு இடுகுறி போலிருந்தாலும், முகவரியை அறிந்த எவரும் அதே கணக்கைப் போட்டு அதே குறியைப் பெறலாம் என்பதால், உள்ளே காரணம் இருக்கிறது. காரணம் இருந்தும் இடுகுறி போல வழங்கும் பெயருக்கு இலக்கணத்தில் காரண இடுகுறிப்பெயர் என்றொரு வகை இருப்பதை அன்பர்கள் நினைவுகூரலாம்.

சொல் நீளம் என்ற மறுப்பு வரக்கூடும். வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன்: ‘இடுகுறியாக்கிய தரவும் தனிநபர் தரவே.’ இடறவில்லை. அனானிமைசேஷனுக்கு ‘அடையாள நீக்கம்’ என்பதை வைத்துக்கொள்ளலாம். பெயரோடு நில்லாமல் அடையாளம் முழுவதும் போக வேண்டும் என்பதால் ‘பெயர் நீக்கம்’ இரண்டுக்குமே வேண்டாம்.

பொத்தானில் ‘பெயரை இடுகுறியாக்கு’ என்றும், அதன் கீழே பின்வரும் உறுதிப்படுத்தல் செய்தியையும் இடலாம் என்பது என் பரிந்துரை: ‘உங்கள் பெயருக்குப் பதில் ஓர் எண் தோன்றும். அந்த எண் உங்களுடையது என்ற விவரம் நிர்வாகியிடம் இருக்கும். உங்கள் பதிவுகளும், பிறர் எடுத்தாண்ட மேற்கோள்களும் மாறாது. அவற்றையும் அழிக்க விரும்பினால் நிர்வாகிக்கு எழுதவும்.’ இதில் ‘விவரம்’ என்று பொதுவாகச் சொல்லியிருக்கும் அந்தப் பொருத்துப் பட்டியலுக்கு மட்டும் எனக்கு இன்னும் நல்ல சொல் அமையவில்லை. ‘குறித்திறவு’ என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் அது கடவுச்சொல்லைப் போல ஒலிக்கிறது. அன்பர்கள் இதற்கொரு சொல்லைத் தந்தால், இந்தப் பகுதியின் தமிழாக்கத்தை முடித்துவிடலாம்.

அன்புடன்,
தமிழாக்கக் குழு உறுப்பினர் ஒருவர்