22 அடிப் பாய்மரப் படகில் 12 நாள்: உள்ளே வசதியாக இருக்க என்ன செய்யலாம்?

தோணித்துறை:

வணக்கம். சியாட்டில் பக்கம் பாத்தெல்லில் இருக்கிறோம். போன வருடம் பழைய கேட்டலினா 22 ஒன்று டிரெய்லரோடு வாங்கினேன். கீலை, அதாவது படகின் அடியில் நீரில் இறங்கி நிற்கும் கனமான தகட்டை, மேலே தூக்கிக்கொள்ளும் வகை. அகலம் 7 அடி 8 அங்குலம்தான், அதனால் தனி அனுமதி எதுவும் இல்லாமல் காரில் இழுத்துப் போக முடிகிறது. பாய் ஏற்ற, இறக்க, நங்கூரம் போட நாங்கள் இருவருமே வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டோம். அதில் பயமில்லை.

ஜூலையில் அனகோர்ட்டஸில் படகை இறக்கி, சான் ஹுவான் தீவுகளில் 12 நாள் படகிலேயே தங்க ஆசை. கவலை எல்லாம் உள்ளே இருப்பதைப் பற்றித்தான். மே மாதம் ஒரு இரவு தங்கிப் பார்த்தோம். விடியும்போது மெத்தையின் அடிப்பக்கம் முழுக்க ஈரம், கூரையிலிருந்து முகத்தில் சொட்டியது. மனைவிக்கு ஏற்கெனவே முதுகுவலி. நிமிர முடியாத கேபினில் குனிந்தே சமைத்ததில் அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்கவே சிரமப்பட்டார்.

பெரிய படகு வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். வாங்கினால் வருடம் முழுக்கத் துறைமுகத்தில் வாடகை கொடுத்து நிறுத்த வேண்டும், அது எங்களால் ஆகாது. இந்தப் படகிலேயே சமாளிக்க வழி உண்டா? கேஸ் ஹீட்டர் வாங்கலாமா? கழிவறை, சமையல், கரண்டு எல்லாம் எப்படி?

அணியம்:

தம்பி, நானும் என் வீட்டுக்காரரும் இதே அளவுப் படகில் ஒன்பது கோடை அந்தத் தீவுகளுக்குப் போயிருக்கிறோம். எனக்கு 61 வயது, முழங்கால் வலியும் உண்டு. 12 நாள் தாராளமாக இருக்கலாம். இடம் குறைவாக இருப்பது இரண்டு நாளில் பழகிவிடும். ஈரம் பழகவே பழகாது. ஈரத்தை விரட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஹீட்டர் வேண்டாம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். அதை கேபினுக்குள் வைத்துக் கொளுத்தினால் குளிர் போகும், சுவரெல்லாம் வேர்க்கும். அதைவிட முக்கியம், மூடிய கேபினில் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் ஆளைக் கொன்றுவிடும். ஹீட்டர் இல்லாவிட்டாலும் அதற்கான அலாரம் ஒன்று கட்டாயம் மாட்டுங்கள்.

அங்கே ஜூலையிலும் கடல் தண்ணீர் 10, 12 டிகிரிதான். படகின் சுவர் அந்தக் குளிரில் இருக்கும், நம் மூச்சுக்காற்று அதில் பட்டுத் தண்ணீராகும். ஆகவே குளிருகிறது என்று எல்லாவற்றையும் அடைக்கக் கூடாது. முன்பக்க மூடியை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள், பின்பக்க வாசல் பலகைகளில் மேல் பலகையை எடுத்துவிடுங்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும். மழைக்கு, பாயின் அடி விளிம்பைப் பிடிக்கும் கிடைக்கட்டையின் (பூம்) மேல் ஒரு தார்ப்பாயைக் கூடாரம்போலக் கட்டிவிட்டால் வாசல் திறந்தே இருக்கலாம். இந்தத் தார்ப்பாய்தான் நாங்கள் வாங்கியதிலேயே உருப்படியான பொருள். காக்பிட், அதாவது வாசலுக்கு வெளியே உட்காரும் திறந்த பள்ளம், இன்னொரு அறை ஆகிவிடுகிறது.

மெத்தைக்கு அடியில் காற்று போக இடம் வேண்டும். முதல் வருடம் ஊரிலிருந்து கொண்டுவந்த கோரைப்பாயை விரித்தேன், ஐந்தாம் நாள் பூசணம் பூத்து வீணானது. இப்போது முரட்டு இழையில் பின்னிய பிளாஸ்டிக் வலைப்பாய் போடுகிறோம். தினமும் காலையில் மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் காப்பி.

சமையலை கேபினுக்கு வெளியே கொண்டுவந்துவிடுங்கள். ஈரமும் குறையும், உங்கள் மனைவியின் முதுகும் தப்பிக்கும். காக்பிட்டின் இரண்டு பெஞ்சுக்கும் குறுக்கே ஒரு பலகை, அதன்மேல் அடுப்பு. காலைப் பள்ளத்தில் தொங்கவிட்டு நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து சமைக்கலாம். தார்ப்பாய் அடுப்புக்கு மேலே வராதபடி சுருட்டிக்கொள்ளுங்கள். நாங்கள் ஸ்பிரிட் அடுப்பு வைத்திருக்கிறோம். கேஸ் கசிந்தால் காற்றைவிடக் கனமாக இருப்பதால் படகின் அடியில் போய்த் தேங்கும், அந்தப் பயம் இதில் இல்லை. ஆனால் பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றிவிடாதீர்கள், நன்றாக ஆறட்டும்.

பாத்திரம் என்றால் இரண்டு லிட்டர் குக்கர். படகு ஆடினாலும் மூடி கழன்று கொட்டாது. ஆவி வந்து வெயிட் போட்டு, ஒரு விசில் ஆனதும் இறக்கி, பழைய கம்பளியில் சுற்றி வைத்துவிடுவேன். அரை மணியில் சோறு பதமாக இருக்கும், எரிபொருளும் மிச்சம். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல் மூன்றும் இருந்தால் ஐஸ்பெட்டியை நம்ப வேண்டியதில்லை. ஐஸ் வாங்கினால் கட்டியாக வாங்குங்கள், துண்டு ஐஸ் சீக்கிரம் கரைந்துவிடும்.

கழிவறைக்கு 20 லிட்டர் போர்ட்டபிள் டாய்லெட் போதும். நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள் என்பதால் தொட்டி சீக்கிரம் நிறையும். பீய்ச்சும் பாட்டில் ஒன்று வைத்துக்கொண்டால் எங்கள் இருவருக்கு மூன்று நாள் வருகிறது. அந்தக் கடல் பகுதியில் 2018 முதல் கழிவைக் கொட்டுவதற்கு முழுத் தடை இருக்கிறது. ஃபிரைடே ஹார்பரில் காலி செய்துகொள்ளலாம். சுசியா தீவின் ஃபாசில் பே போன்ற இடங்களில் கரையிலேயே கழிவறை உண்டு. அதனால் மூன்று நாளுக்கு ஒருமுறை எந்தத் துறை என்று முன்பே தீர்மானித்துப் பயணத்தைப் போடுங்கள்.

பேட்டரிப்பெட்டி:

அக்கா எல்லாம் சொல்லிவிட்டார், கரண்டு மட்டும் நான் சொல்கிறேன். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி சுமார் 12 கிலோ. அதே அளவு பழைய ஈய பேட்டரி 30 கிலோ வரை வரும், அதிலும் பாதியைத்தான் பயன்படுத்தலாம். சின்னப் படகில் அந்த எடை பெரிய வித்தியாசம். நங்கூர விளக்கில் இன்னும் பழைய பல்பு இருந்தால் மாற்றுங்கள். பல்பு சுமார் 1 ஆம்பியர் இழுக்கும், எல்இடி 0.2-க்குள். ஜூலையில் இரவு எட்டு மணி நேரம்தான், ஆனால் 12 இரவு இருக்கிறதே. 100 வாட் சோலார் பலகை ஒன்று போதும். பாய்மரத்தின் நிழல் ஒரு கோடு விழுந்தால்கூட உற்பத்தி சட்டென்று குறையும், அதனால் நகர்த்தி வைக்கும்படி கயிற்றில் கட்டுங்கள்.

தோணித்துறை:

மிக்க நன்றி அக்கா, நன்றி நண்பரே. தார்ப்பாயும் வலைப்பாயும் வாங்கியாயிற்று. இன்னும் இரண்டு சந்தேகம். நங்கூரம் போட்டுப் படுத்தால் அடியில் ஏதோ டொக், டொக் என்று இடிக்கிறது. மனைவி இரவு முழுக்கத் தூங்கவில்லை. அப்புறம், கிளம்புவதற்கு முன் இன்னொரு முறை ஒத்திகை பார்க்க வேண்டும், ஆனால் ஜூலைக்குள் கடலுக்குப் போக விடுமுறை இல்லை.

அணியம்:

அது கீல். இரும்புக் கீல் அதன் பள்ளத்தில் ஆடி இரண்டு பக்கமும் இடிக்கிறது. இந்தப் படகு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சத்தம், பயப்படாதீர்கள். அலை இல்லாத இடமாகப் பார்த்து நங்கூரம் போட்டு, படுக்கும் முன் கீலை முழுவதும் மேலே சுற்றிவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் கீல் அச்சுக்குப் பக்கத்தில் இடைவெளி அதிகமாகியிருக்கும், பக்கவாட்டில் வாஷர் சேர்க்க வேண்டும். இந்தப் படகு 15,000-க்கு மேல் கட்டியிருக்கிறார்கள், பாகம் சுலபமாகக் கிடைக்கும்.

ஒத்திகைக்குக் கடல் எதற்கு? வீட்டு வாசலில் டிரெய்லர் மேலேயே இரண்டு இரவு தூங்குங்கள். காரோடு மாட்டியே வையுங்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பின்பக்கம் போகும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். தண்ணீர் குளிர்ச்சி இருக்காது, அதனால் ஈரம் சரியாகத் தெரியாது. ஆனால் இரவு ஒரு மணிக்கு டார்ச் எங்கே, சாக்ஸ் எங்கே, யார் யாரைத் தாண்டி எழுந்து போக வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். உங்கள் மனைவிக்கு வாசல் பக்கத்துப் படுக்கையைக் கொடுங்கள். முன்பக்க முக்கோணப் படுக்கையிலிருந்து தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும், முதுகுவலிக்கு அது ஆகாது.