வான்கோ தனியாக எப்படிக் கற்றார்? அந்தக் கம்பிச் சட்டகத்தை வீட்டில் செய்ய அளவு வேண்டும்

வெண்கட்டி (கேள்வி)

வான்கோ 27 வயசுல, 1880-லதான் ஓவியத்துக்கு வந்தார், பெரும்பாலும் தானே கத்துக்கிட்டார்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு. ஆனா எதைப் பார்த்துக் கத்துக்கிட்டார், எதை முதல்ல பண்ணினார்னு வரிசையா எங்கயும் கிடைக்கல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அவர் வெச்சிருந்த கம்பிச் சட்டகத்துக்கும் (காட்சியை அது வழியா பார்த்து அளவெடுத்து வரையுற சட்டம்) ஒரு அளவு வேணும், கார்பெண்டர்கிட்ட கொடுத்துடலாம். போட்டோ பார்த்து வரைஞ்சா சரியா வருது. தெருவுல உட்கார்ந்து வரைஞ்சா வீடெல்லாம் சாயுது. இதுக்கு அது உதவுமா? கலர் ஆக்ரிலிக், கலந்தாலே சேறாகுது.

கரிக்கோடு

"தானே கற்றவர்" என்பதில் ஒரு திருத்தம். பிரஸ்ஸல்ஸ் அகாடமியில் கொஞ்ச நாள், 1881 கடைசியில் ஹேக் நகரில் உறவினரான ஓவியர் ஆன்டன் மாவ்விடம் சில வாரம், 1886 தொடக்கத்தில் ஆன்ட்வெர்ப் அகாடமி, பிறகு பாரிஸில் ஓவியர் கார்மோனின் ஸ்டுடியோ. எதிலும் அவர் நீடிக்கவில்லை, அவ்வளவுதான். நீடித்தது அவரே போட்டுக்கொண்ட பாடத்திட்டம்.

முதல் பாடம் சார்ல் பார்க் தொகுத்த வரைபடப் பயிற்சி அச்சுகள். மொத்தம் 197 தாள். அதில் கரித்துண்டுப் பயிற்சிக்கென்றே இருந்த 60 தாளை 1880-ல் வரிசையாகப் பிரதி எடுத்தார். பத்து வருடம் கழித்து, கடைசிக் காலத்தில், மறுபடியும் அதையே எடுத்துப் போட்டார். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

அந்தத் தாளை எப்படிப் பிரதி எடுப்பது என்பது முக்கியம். மூலத்தையும் உங்கள் தாளையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே உயரத்தில், செங்குத்தாக ஒட்டுங்கள். உருவத்தின் உச்சி, அடி, இரண்டு ஓரம் என்று நாலு புள்ளி வைத்து, வளைவுகளை எல்லாம் நேர்கோட்டுத் துண்டுகளாக உடைத்து வெளிக்கோடு போடுங்கள். அடுத்து நிழல் எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரே ஒரு எல்லைக்கோடு. நிழல் பகுதியை ஒரே சமமான சாம்பலாக நிரப்பிவிட்டு, இடைநிறங்களைக் கடைசியில் தொடுங்கள். பெரும்பாலோர் மூக்கு நுனியில் ஷேடிங்கை ஆரம்பித்துவிடுவார்கள். அளவு பிசகியிருப்பது தெரியும்போது அழிக்க மனசு வராது, பிசகு அப்படியே தங்கிவிடும்.

அடுத்த ஆசிரியர் பத்திரிகை. லண்டனிலிருந்து வந்த 'தி கிராஃபிக்' வார இதழின் 1870–80 தொகுப்பு, 21 தொகுதி, 1883-ல் வாங்கினார். பிடித்த மரச்செதுக்குப் படங்களை வெட்டி அட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டார். சுரங்கத் தொழிலாளி, முதியோர் இல்லம், வரிசையில் நிற்கும் ஏழைகள் என்று அவர் எடுத்த பாடுபொருள்களின் வேர் அங்கேதான் இருக்கிறது. நிறமே இல்லாமல், கோட்டின் அடர்த்தியை வைத்தே இருட்டும் வெளிச்சமும் காட்டும் வித்தையும் அங்கிருந்து வந்ததே.

நெதர்லாந்தின் நியூனன் கிராமத்தில் 1884–85 குளிர்காலத்தில் விவசாயிகளின் தலைகளை மட்டும் நாற்பது வாக்கில் வரைந்தார். அதற்குப் பிறகுதான் 82 × 114 செ.மீ. அளவில் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்'. பெரிய படத்துக்கு உதிரிபாகம் முதலில் தயாராக இருக்க வேண்டும் என்கிற கணக்கு.

தச்சுக்கோல்

சட்டகத்துக்கு வர்றேன். 1882 ஆகஸ்ட்ல அவர் செஞ்சது ஷெவெனிங்கன் கடற்கரை மணல்ல நிறுத்தத் தோதா, ரெண்டு நீளக் கழியில முளை மாட்டுறது. மேடுபள்ளம் எப்படி இருந்தாலும் ஏத்தி இறக்கி மட்டம் பார்க்கலாம். கழிக்கு இரும்பு முனை, மூலைக்கு இரும்புப் பட்டை, எல்லாம் கொல்லர்கிட்ட அடிச்சு வாங்கினது.

நீங்க உள்திறப்பு 40 × 30 செ.மீ. வெச்சு, ஒரு இஞ்ச் ரீப்பர்ல பண்ணச் சொல்லுங்க. உள்ளே தங்கூஸ் நரம்பு கட்டலாம், ஆனா அது வானத்துக்கு எதிர்ல காணாமப் போயிடும். கட்டினதும் பர்மனெண்ட் மார்க்கரை ஒரு இழுப்பு இழுத்துக் கறுப்பாக்கிடுங்க. 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டா 48 கட்டம் வரும். என் யோசனை அது வேண்டாம். நடுவுல ஒரு சிலுவை, மூலைக்கு மூலை ரெண்டு கோடு, மொத்தம் நாலே நரம்பு போதும். அவர் வெச்சிருந்ததும் அந்த மாதிரிதான். கட்டம் அதிகமானா ஜன்னல் ஜன்னலா காப்பி பண்ணத் தோணும், தெரு கண்ணுல இருந்து போயிடும்.

சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட் கட்டம் போட்டுப் பெரிசாக்குறதும் இதுவும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. அங்க மூலமே தட்டைப் படம், நீங்க எங்க நின்னாலும் மாறாது. இங்க கட்டம் கண்ணுக்கும் காட்சிக்கும் நடுவுல நிக்குது, அதனால கண்ணு அசையக் கூடாது. 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்து தலை 5 செ.மீ. நகர்ந்தா, தூரத்துக் கோபுரம் சட்டகத்துல கிட்டத்தட்ட அதே 5 செ.மீ. நகரும், பக்கத்துல இருக்கிற லைட் கம்பம் அதைவிடக் குறைவா நகரும். ரெண்டும் வேற வேற அளவுல நகர்றதால படம் கோணுது. சட்டகத்துல ஒரு நூல் கட்டி, 60 செ.மீ.ல முடிச்சுப் போட்டு, முடிச்சைப் பல்லால கடிச்சுக்கோங்க. ஒரு கண்ணை மூடிக்கோங்க, நடுவுல கண்ணை மாத்தாதீங்க.

வீடு சாயுறதுக்கு ரெண்டு காரணம் இருக்கும். ஒண்ணு சட்டகத்தோட மேல்பக்கம் உங்களைப் பார்த்து சாய்ஞ்சிருக்கும். அப்போ சுவரெல்லாம் மேல போகப் போகக் குவியும். மேல்சட்டத்துல தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டா பக்கவாட்டுலயும் தெரியும், முன்பின்னும் தெரியும். இன்னொண்ணு, தாளை மடியில படுக்கப் போட்டு வரையுறது. அதைச் சாய்வா பார்க்கிறதால உயரம் சுருங்கித் தெரியும், கை தானா நீட்டி வரைஞ்சுடும். பலகையை நிமிர்த்தி வையுங்க.

தாள்லயும் அதே 4:3 செவ்வகம் வேணும். ஏ3 தாள் 4:3 கிடையாது. ஓரம் வரைக்கும் நிரப்பினா அகலம் 6 சதவீதம் இழுபட்டு, வண்டிச் சக்கரம் முட்டையா வரும். 36 × 27 செ.மீ. பெட்டி போட்டுக்கோங்க, அதுக்குள்ள அதே நாலு கோட்டை லேசா வரைஞ்சுக்கோங்க. பாரிஸ் காலப் படங்கள் சிலதுல பெயிண்டுக்கு அடியில இந்தப் பென்சில் கோடு இன்னைக்கும் இருக்கு.

நிறக்கூடை

வண்ணத்தை அவர் பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவாவின் படங்களிலிருந்தும், கலை விமர்சகர் சார்ல் ப்ளாங் எழுதிய விளக்கங்களிலிருந்தும் எடுத்தார். சிவப்பு–பச்சை, நீலம்–ஆரஞ்சு, மஞ்சள்–ஊதா: இந்த ஜோடிகளைக் கலந்தால் சாம்பல், பக்கத்தில் வைத்தால் இரண்டும் தூக்கும். உங்கள் சேறு கலப்பதால் வருவது. பேலட்டில் மூன்றாவது ட்யூபைத் தொடும் முன் நிறுத்துங்கள்.

சோதிக்க அவர் வைத்திருந்த கருவி கம்பளி நூல் உருண்டைகள். அரக்குப் பூசிய சிவப்புப் பெட்டியோடு இன்றும் இருக்கின்றன. இரண்டு மூன்று நிற நூலை முறுக்கிச் சுற்றிப் பார்த்தால், தூரத்திலிருந்து எப்படிக் கலக்கும் என்று பெயிண்ட் செலவில்லாமல் தெரிந்துவிடும். உல்லன் நூல் வாங்கி, நான்கு நீலத்துக்கு ஒரு ஆரஞ்சு என்று அட்டையில் சுற்றி, மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். பிறகு இரண்டுக்கு இரண்டு. சம அளவு வைத்தால் கண் கூசும், ஒன்று குறைந்தால்தான் உட்காரும்.

ஜப்பானிய அச்சுகளை அவர் வெறுமனே ரசிக்கவில்லை. 1887-ல் ஹிரோஷிகேயின் இரண்டு அச்சுகளை எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுத்தார். ஐசெனின் பெண் உருவத்தை ஒரு பத்திரிகை அட்டையிலிருந்து ட்ரேஸ் செய்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கினார். (தச்சுக்கோல் சொன்ன சைன்போர்டு முறை அங்கே பொருந்தும்.) நிழலே இல்லாத தட்டை நிறம், ஓரத்தில் வெட்டுப்பட்ட மரம் எல்லாம் அதற்குப் பிறகு அவர் கையிலும் வருகின்றன.

உங்களுக்கு நான் சொல்வது மில்லே பயிற்சி. சான் ரெமி மருத்துவமனையில் 1889–90-ல் பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் 21 படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சைப் பார்த்து வண்ணத்தில் செய்தார். தெலக்ருவாவின் 'பியெத்தா' (இறந்த இயேசுவோடு மரியாள்) லித்தோகிராஃப் அச்சு எண்ணெயிலும் பெயிண்டிலும் விழுந்து பாழானபோது, அதையும் வரைந்தார். கறுப்பு வெள்ளையில் வெளிச்ச அளவு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. நீங்கள் நிறத்தை மட்டும் யோசித்தால் போதும். ஏ4-ல் சாம்பல் பிரிண்ட் எடுங்கள். ஒரே ஜோடி, கூடவே வெள்ளை. ஒவ்வொன்றிலும் வெளிர் முதல் அடர் வரை ஐந்து படி கலந்து, காயவிட்டு, போன் மோனோ ஃபில்டரில் பிரிண்டோடு ஒப்பிடுங்கள். காயவிடாமல் ஒப்பிடாதீர்கள்: ஆக்ரிலிக் பசை ஈரத்தில் பால் வெள்ளை, காய்ந்தால் தெளிந்து நிறம் ஒரு படி அடரும். மஞ்சளுக்கு அடர் படி கிடையாது. கறுப்பு போட்டால் பாசிப்பச்சை ஆகிவிடும். அந்த இடத்துக்கு பர்ன்ட் சியன்னா.

ட்யூப் விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்றாதீர்கள். ஜெரேனியம் லேக் என்கிற சிவப்பு வெளுக்கும் என்று தெரிந்தே வாங்கினார். 'படுக்கையறை'யின் சுவர் வெளிர் ஊதா, சிவப்பு போய் இன்று நீலம். 1890 ரோஜாக்கள் இளஞ்சிவப்பு, இன்று வெள்ளை. குரோம் மஞ்சளில் ஈயம் இருக்கிறது, பழுப்பும் ஆகும். பதிலுக்கு குவினாக்ரிடோன் ரோஸ் (ட்யூபில் போட்டிருக்கும் நிறமி எண் பி.வி. 19), காட்மியம் மஞ்சள் (பி.ஒய். 35). ஓபரா பிங்க் இன்றைய ஜெரேனியம் லேக், கண்ணைப் பறிக்கும், ஆனால் நிற்காது. சந்தேகமென்றால் பட்டை பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம் வையுங்கள்.

கரிக்கோடு

நாணல் பேனாவை விட்டுவிட்டோம். 1888-ல் ஆர்ல் ஊரில் அங்கே விளைந்த நாணலையே சீவிப் பயன்படுத்தினார். ஒரு சாண் தட்டை, சாய்வாகச் சீவி, நுனியில் ஒரு செ.மீ. கீறல், முனை அகலம் 2–3 மி.மீ. மை தேங்க இடமில்லாததால் நாலு இழுப்பில் தீர்ந்துவிடும். அந்தப் புள்ளி, குறுங்கோடு, சுழி எல்லாம் பாதி அவருடைய ரசனை, பாதி பேனாவின் வரம்பு. கருப்பூர் கலம்காரியில் கலத்தின் (பேனாவின்) மேலே சாயம் தேங்கத் துணி சுற்றுவார்கள், அழுத்தினால் இறங்கும். அதனால் அங்கே நீளக் கோடு வருகிறது. நீங்கள் வெறும் நாணலில் பழகுங்கள், தூரிகைத் தீற்றலும் தானாகக் குறுகும்.

வெண்கட்டி

எல்லாருக்கும் நன்றி. சட்டகம் தயாராகுற வரைக்கும் போன் கேமராவுல கட்டத்தை ஆன் பண்ணி, ஸ்கிரீனைப் பார்த்து வரையலாமா?

தச்சுக்கோல்

வரையலாம், ஆனா 1x-ல வேண்டாம். மெயின் லென்ஸ் பெரும்பாலும் 26 மி.மீ. குவியத் தூரக் கணக்கு, கிடைமட்டத்துல 69 டிகிரி பிடிக்கும். ஓரத்து வீடு அகலமா இழுபடும். 2x வெச்சா 38 டிகிரி. 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்து 40 செ.மீ. சட்டகம் வழியா பார்த்தா 37 டிகிரி, கிட்டத்தட்ட அதேதான். போனை ஸ்டாண்டுல மாட்டி, லெவல் கோட்டையும் ஆன் பண்ணிடுங்க. கையில பிடிச்சா மறுபடி சாயும்.